காலுக்குக் கீழே அருந்ததி

கையை எடும்மா, அதை மட்டும் தொடாத. கண்ணாடி போட்டது. உன் கூடையை வேணும்னா குடு, மடியில வச்சுட்டு வாரேன். இது மட்டும் என் முட்டிக்கு நடுவுலதான் நிக்கும். கண்டக்டரே ரெண்டு மட்டம் சொல்லிட்டான், பெருசு, அதை மேல வையும்னு. மேல வச்சு, இவன் போடுற பிரேக்குல அது யார் தலையிலயாவது இறங்கினா, அதுக்கும் நான்தான் காரணம்னு சொல்லுவாங்க. இப்பல்லாம் எது நடந்தாலும் நான்தான் காரணம்.

உன் காலுகிட்ட ஒரு கட்டைப்பை இருக்கு பாரு, அதையும் இடிச்சிராத. வளையல் இருக்கு.

அந்த ஷட்டரை இழுத்துப் பிரயோசனம் இல்ல. நானும் ஏறினதும் இழுத்துப் பாத்துட்டேன், இறங்காது. பிள்ளை மூஞ்சியை முந்தானையால மூடிக்கோ. வெயில் இனி இந்தப் பக்கம்தான். வடக்க போற வண்டி, காலை வெயில், வலப்பக்கம்தானே அடிக்கும்? அதை யோசிச்சுத்தான் நான் உள்பக்கமா உக்காந்தேன். நீ யோசிக்காம சன்னல் பக்கம் போயிட்டே.

சாமி படம் இல்லம்மா. வேட்டியைச் சுத்தியிருக்கிறதால எல்லாரும் அதான் கேக்காங்க. ஏறும்போதே ஒருத்தர் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. வானம். ராத்திரி வானம், நானே எடுத்தது. புளியங்குடி பஜார்ல கண்ணாடிக்கடை வச்சிருக்கேன். மூக்குக்கண்ணாடி. கோமதிநாயகம்னு கேட்டா சொல்லுவாங்க. நீ எங்க, மதுரைக்கா? அம்மா வீட்டுக்கா. நல்லது. நான் ஸ்ரீவில்லிபுத்தூர். மக வீடு.

ஒண்ணு கேக்கிறேன். உனக்குக் கல்யாணத்துல அருந்ததி காட்டினாங்களா? இரு, நீ இப்பச் சொல்லாத. முதல்ல நான் சொல்லிருதேன், பெறவு நீ சொல்லு.

போன வருஷம் வைகாசியில என் மக வடிவுக்குக் கல்யாணம். சங்கரவடிவு. மண்டபம் சங்கரன்கோவில்ல. காலையில முகூர்த்தம், தாலி கட்டியாச்சு, அம்மி மிதிச்சாச்சு. அய்யரு ரெண்டு பேரையும் மண்டபத்து வாசலுக்குக் கூட்டிட்டு வாராரு. நானும் கூடவே போறேன். பந்தலுக்கு வெளிய நிறுத்தி, கையைத் தூக்கி, 'அதோ பாருங்கோ அருந்ததி, தெரியறதா?'ங்காரு. கை எங்க காட்டுது தெரியுமா? கிழக்க. சூரியன் நிக்கிற திக்குல. சூரியனையே நேராப் பாக்க முடியாம எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிக்காங்க, இவரு அங்க நட்சத்திரம் காட்டுதாரு.

மாப்ள 'தெரியுது சாமி'ன்னாரு. அவரை விடு. ஸ்பின்னிங் மில்லுல எலக்ட்ரீசியன், நல்ல பையன்தான். யாரு என்ன கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவாரு. அடுத்து அய்யரு வடிவுகிட்டத் திரும்பி, 'உனக்கும்மா?'ங்காரு. என் மக. எங்கிட்ட வானம் படிச்ச பிள்ளை. சப்தரிஷி எந்த மாசம் எங்க நிக்கும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவா. அவளும் 'தெரியுது'ங்கா.



நீயே சொல்லு, நான் வேற என்ன செய்திருக்கணும்? அய்யருகிட்டத்தான் சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். 'சாமி, அருந்ததி கிழக்க வராது, அது வடக்க. அதுவும் வைகாசியில இந்த நேரத்துக்கு வானத்துலயே கிடையாது. காலுக்குக் கீழ இருக்கு, பூமிக்கு அடியில. காட்டணும்னா தரையைக் காட்டும்'னு சொன்னேன். இவ்வளவுதான் சொன்னது. இதுல ஏதாவது பொய் இருக்கா? சாயங்காலம் விளக்கு வச்ச பெறவு அதே வாசல்ல நின்னா, வடக்க பாதி வானத்துல நிக்கும். அப்பக் காட்டலாம். ஆனா அப்ப யாருக்கு நேரம் இருக்கு? எல்லாரும் ரிசப்ஷன்ல பிரியாணிக்கு வரிசையில நிக்காங்க.

என் கெட்ட நேரம், அந்த நிமிஷம் பாத்து நாதஸ்வரக்காரரு சீவாளியை மாத்த நிறுத்திட்டாரு. வீடியோக்காரன் மைக்கை நீட்டிக்கிட்டு நிக்கான். மண்டபம் பூரா கேட்டிருச்சு. சம்பந்தியம்மா கையில குங்குமத் தட்டு. அப்படியே நின்னுட்டு. 'என்ன அண்ணாச்சி, தாலி ஏறின நேரத்துல நல்ல வார்த்தை வரக்கூடாதா வாயில? அருந்ததியைப் போயி காலுக்குக் கீழங்கீங்களே'ன்னு கேட்டுது. இதுல நல்ல வார்த்தை கெட்ட வார்த்தை எங்கம்மா இருக்கு? பூமி சுத்துது. அதுக்கு நான் என்ன செய்ய? அதைச் சொன்னேன். என் பொண்டாட்டி பூரணம் பின்னால வந்து இடுப்புல கிள்ளினா பாரு, ஒரு வாரம் கன்னிப்போயிருந்துச்சு.

வாசுதேவநல்லூரா இது? ஆமா. சரியான நேரத்துலதான் போறான்.

கடையில நாள் பூரா நான் கேக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணு. தெரியுதா? இந்தக் கண்ணாடியில தெரியுதா, அந்தக் கண்ணாடியில தெரியுதா? முப்பது வருஷமா இதான் என் பொழப்பு. மனுசங்க இந்த ஒரு கேள்விக்குச் சொல்ற பொய்யை வேற எதுக்கும் சொல்ல மாட்டாங்க. கண்ணு தெரியலைன்னு ஒத்துக்கிட என்னமோ அவ்வளவு வெக்கம். டிரைவர் ஆளுங்க வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கும்போதே முன்னால படிக்கிறவன் சொல்றதைக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு உள்ள வருவான். நான் விடமாட்டேன். எந்திரிச்சுப் போயி சார்ட்டைத் தலைகீழாத் திருப்பி மாட்டிருவேன். இப்பப் படியும்னு சொன்னா, அப்பவும் பழைய வரிசையைத்தான் கடகடன்னு ஒப்பிப்பான். தெரியாததைத் தெரியுதுன்னு சொல்றவனைக் கண்டா எனக்கு ஆகாது. அது என் தொழிலுக்கே ஆகாது.

அருந்ததியே ஒரு கண் பரிசோதனைதாம்மா. வசிஷ்டரு பெரிய நட்சத்திரம், அதை ஒட்டினாப்ல சின்னதா ஒண்ணு. நல்ல கண்ணுக்கு ரெண்டாத் தெரியும், கொஞ்சம் பழுதுபட்ட கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும். வடிவு சின்னப் பிள்ளையா இருக்கும்போது மாடிக்குக் கூட்டிட்டுப் போயி, 'ஒண்ணாத் தெரியுதா, ரெண்டாத் தெரியுதா?'ன்னு கேப்பேன். 'ரெண்டாத் தெரியுதுப்பா'ன்னு சொல்லிட்டு என் முகத்தையே பாப்பா. எனக்கு அவ்வளவு பெருமை. கடைக்கு வாரவங்க கிட்டயெல்லாம் சொல்லுவேன், எம்மக கண்ணு கழுகுக் கண்ணுன்னு. மூணாம் கிளாஸ்ல டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாங்க. உங்க பிள்ளைக்குப் போர்டுல எழுதுறது தெரியலை, பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பாத்து எழுதுதான்னாங்க. சோதிச்சுப் பாத்தா ரெண்டரை பவர். கண்ணாடிக்கடைக்காரன் மகளுக்குக் கண்ணு தெரியலைன்னு டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியணும்! ஊர்ல எவ்வளவு கேவலம் எனக்கு? 'ஏட்டி, எதுக்கு இத்தனை நாள் பொய் சொன்னே?'ன்னு கேட்டேன். நின்னு அழுதா. காரணம் மட்டும் சொல்லலை. இன்னைக்கு வரைக்கும் சொல்லலை.

பொய் சொல்லப் பழகினது அங்க. அதைத்தான் கல்யாணத்துலயும் செய்தா.

அதுக்குப் பெறவு கேளு. மாப்ளைக்கு மில்லுல கை விரல் நசுங்கிச்சு, அருந்ததி. அவங்க வீட்டுல வாங்கின மாடு சுவரேறிக் குதிச்சுக் காலை ஒடிச்சுக்கிட்டு, அதுக்கும் அருந்ததி. மாடு! புரட்டாசியில வடிவுக்கு உண்டானது கலைஞ்சு போச்சு. கேக்கணுமா? சம்பந்தியம்மா பூரணத்துக்குப் போனைப் போட்டு, 'உங்க வீட்டுக்காரரு அன்னைக்குக் காலுக்குக் கீழ போட்டாருல்லா, அது இப்ப எங்க வம்சத்துல வந்து நிக்கு'ன்னு சொல்லுது. பூரணம் போனைக் கையில வச்சுக்கிட்டு அழுதா. நான் வாங்கினேன். நான் கோபப்படலை. பொறுமையா விளக்கினேன். பூமி எப்படிச் சுத்துது, துருவ நட்சத்திரம் நம்ம ஊர்ல ஏன் அவ்வளவு தாழ நிக்கு, சப்தரிஷி ஏன் தினமும் மறைஞ்சு வருது, எல்லாம் மூணாம் கிளாஸ் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேன். ரொம்ப நேரம் சொன்னேன். கடைசியில 'புரியுதா மதினி?'ன்னு கேட்டா, அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல. சீரியல் பாட்டு கேக்குது. அந்தம்மா போனை டிவி மேசையில வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருக்கு. நான் பேசினதை எல்லாம் டிவி கேட்டிருக்கு.

வடிவு அப்ப ஆஸ்பத்திரியில இருந்தா. 'வடிவுகிட்டப் பேசினீங்களா?'ன்னு பூரணம் கேட்டா. அவகிட்ட நான் என்னத்தப் பேச? அவளுக்கு விளக்க என்ன இருக்கு, அவளுக்குத்தான் தெரியுமே அருந்ததி எங்க இருக்கும்னு.

அப்ப முடிவு பண்ணினேன். வாயால சொன்னா இவங்களுக்கு ஏறாது. படமா எடுத்துக் கண்ணு முன்னால மாட்டணும்.

பெரிய டெலஸ்கோப் எல்லாம் எங்கிட்டக் கிடையாதும்மா. பஜார்ல ஸ்டுடியோ வச்சிருக்கிற பையன் ஒரு பழைய கேமராவைத் தள்ளிவிட்டான். ஊர்ல பாதிக் கல்யாணம் எடுத்து ஓய்ஞ்ச கேமரா. ஸ்டாண்டுக்கு ஒரு கால் ஒடிஞ்சிருந்துச்சு, சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுத்தினேன். அதையும் நம்ப முடியாது, காத்து அடிச்சா ஆடும். அரிசிப் பையில மணலைக் கட்டி, அதுல குழி பண்ணி, கேமராவைக் குழந்தையைப் படுக்க வச்ச மாதிரி மல்லாத்தி வச்சிருவேன். பஜார்ல வானமே கிடையாது இப்ப. தெருவுக்குத் தெரு எல்.இ.டி., கண்ணைக் குத்துற மாதிரி. பால் சிந்தின மாதிரி இருக்கு மேல. ஊரை விட்டு மேக்க, எலுமிச்சைத் தோப்புக்குப் போவேன். அங்க மலை மறைக்கும், ஆனா வடக்குத் திறந்து கிடக்கும்.

அது ஒரு தொல்லையான வேலை. கேமராவுக்குத் தானா நட்சத்திரம் தெரியாது, முன்னயும் பின்னயும் தேடிக்கிட்டே இருக்கும். தூரத்துல செல்போன் டவர் மேல ஒரு சிவப்பு லைட் இருக்கும்லா, அதை வச்சுக் கண்ணுக்குத் துல்லியமா வர்ற வரைக்கும் லென்ஸைத் திருப்பி, திருப்பின இடத்துல டேப்பை ஒட்டிருவேன். விரல் பட்டா ஆடும்னு டைமர் வைப்பேன். கூடுதல் நேரம் திறந்து வச்சா நட்சத்திரம் கோடாயிரும், நாமதான் சுத்துதோமே. குறைச்சு வச்சா சின்னது விழாது. அந்தச் சின்னதுதான் எனக்கு வேணும். ஒருநாள் மேகம். ஒருநாள் லென்ஸ்ல பனி. ஒருநாள் எவனோ டார்ச்சை அடிச்சு, 'யாருல அது, எலுமிச்சை களவாங்குறது?'ன்னு வாரான். கடைசியில சித்திரையில விழுந்துச்சு. ரெண்டும் தனித்தனியா, நடுவுல கறுப்பு இடைவெளியோட. நான் தோப்புல தனியா நின்னு கையைத் தட்டிட்டேன், நம்புவியா?

மாப்ள கேக்காரு, 'மாமா, இதைப் போன்லயே எடுக்கலாமே'ன்னு. போன்ல எடுத்தா என்ன ஆகும் தெரியுமா? இல்லாத நட்சத்திரத்தையும் அதுவே போட்டுக் குடுத்திரும். அய்யரு மாதிரி.

பெரிய சைஸ்ல பிரிண்ட் போடக் குடுத்தேன், அதே ஸ்டுடியோவுல. வாங்கிட்டு வந்து பிரிச்சுப் பாக்கேன். சப்தரிஷி இருக்கு. வசிஷ்டரு இருக்காரு, பளபளன்னு. பக்கத்துல ஒண்ணும் இல்ல. அருந்ததியைக் காணோம்!  ஓடிப்போயிக் கேக்கேன். பையன் சாவகாசமா டீ குடிச்சுக்கிட்டே சொல்லுதான், 'அதுவா சார், பெரிய நட்சத்திரத்துக்குப் பக்கத்துல ஒரு புள்ளி இருந்துச்சு, தூசின்னு எடுத்துட்டேன். இன்னும் நாலஞ்சு சின்னச் சின்னப் புள்ளியும் எடுத்துருக்கேன், காசு வேண்டாம்'ங்கான். காசு வேண்டாமாம்! பொண்ணு மூஞ்சியில மருவை எடுக்கிற பழக்கத்துல வானத்தைத் தொடைச்சு வச்சிருக்கான். நான் போட்ட சத்தத்துல எதிர்ல பழக்கடைக்காரன் ஓடி வந்துட்டான், யாரோ செத்துட்டாங்கன்னு.

ரெண்டாவது தடவை பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்து போட வச்சேன். இதான் அது.

வீட்டுல பூரணம் என்ன சொன்னா தெரியுமா? எல்லாத்தையும் கேட்டுட்டு, கீரையை ஆய்ஞ்சுக்கிட்டே, 'அந்தப் பையன் எடுத்தது உங்களுக்கு இவ்வளவு வலிக்கில்லா. அன்னைக்கு மண்டபத்துல நீங்களும் ஒரு புள்ளியை எடுக்காம விட்டிருக்கலாம்'னா. எனக்கு அர்த்தமே புரியலை. நான் என்னத்த எடுத்தேன்? இருக்கிற இடத்தைச் சொன்னேன். அவ எப்பவும் இப்படித்தான், சம்பந்தமில்லாமப் பேசுவா.

சிவகிரியில இவ்வளவு நேரமா நிப்பாட்டுவான்? ஏம்ப்பா, டீ குடிக்கப் போனானா டிரைவர்?

இன்னைக்கு வடிவுக்கு வளைகாப்பு. ஏழாம் மாசம். இந்தத் தடவை கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் பிசகில்ல. பூரணம் நேத்தே சோறு வகையெல்லாம் ஏற்பாடு பண்ணப் போயிட்டா. போகும்போது எங்கிட்டச் சொல்லுதா, 'வடிவு போன்ல சொன்னா, அப்பா வரட்டும், வந்து ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தாப் போதும்னு.' பாத்தியா? பெத்த தகப்பன் மக வளைகாப்புக்கு வாயைக் கட்டிக்கிட்டு வரணுமாம். நான் என்ன கொலைகாரனா? 'அந்தப் படத்தை மட்டும் கொண்டு வந்துராதீங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்'னு பூரணம் வேற.

கொண்டு வந்துட்டேன். பாத்துக்கோ.

நான் பேசமாட்டேன். படம் பேசும். போன உடனே நடுக்கூடத்துல ஒரு ஆணி அடிக்கச் சொல்லுவேன். ஆணியும் பையில இருக்கு. பொம்பளைங்க எல்லாம் வளையலோட சுத்தி உக்காந்திருப்பாங்கல்லா, அப்ப ஒரே ஒரு வார்த்தை. 'இந்தா இருக்கு நீங்க சொல்ற அருந்ததி. வைகாசியில காலையில கீழ, அன்னைக்குச் சாயங்காலமே மேல. இதுக்கும் என் மக வயித்துக்கும் என்ன சம்பந்தம்?' அவ்வளவுதான். சம்பந்தியம்மா முகத்தைப் பாக்கணும் நான். பெறவு எல்லாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து பக்கத்துல நின்னு பாக்கட்டும். ரெண்டாத் தெரியுதா, ஒண்ணாத் தெரியுதான்னு சொல்லட்டும்.

என்ன அப்படிப் பாக்கே? தப்புங்கியா?

வடிவு போன மாசம் ஒரு நாள் எங்கிட்டயே பேசினா. அவளாப் போன் பண்ணினா. 'எங்க அத்தை சொல்றதை எல்லாம் நான் பொறுத்துக்கிடுவேன்ப்பா. நீங்க நட்சத்திரத்தைச் சொன்னதுக்கு எனக்குக் கோவமே இல்ல. அது எங்க இருந்தா எனக்கென்ன? அதுக்குப் பெறவு சொன்னீங்கல்லா, அதுதான்'னா. அதுக்குப் பெறவு நான் என்னத்தச் சொன்னேன்? சொன்னேன், ஒண்ணு சொன்னேன். இல்லைங்கலை. அய்யரு எங்கிட்டச் சண்டைக்கு வந்தாரு, 'பொண்ணே தெரியறதுன்னு சொல்றா, உமக்கு என்ன ஓய்?'ன்னு. அதுக்கு நான், 'அவளுக்கு என்ன தெரியும் சாமி? கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு நிக்கா. எதிர்ல நிக்கிற என்னையே தெரியாது அவளுக்கு. பொய் சொல்லுதா'ன்னேன். உள்ளதுதானே? மணவறையில கண்ணாடி போடக்கூடாதுன்னு அந்த மேக்கப் பிள்ளை கழட்டிருச்சு. நாலு பவர் இப்ப அவளுக்கு. கண்ணாடி இல்லாட்டி எல்லாம் புகை மாதிரித்தான் தெரியும். பொய்யைப் பொய்னுதானே சொன்னேன்?

'அத்தனை பேருக்கு முன்னால பொய் சொல்லுதான்னு சொன்னீங்களேப்பா. அன்னைக்குப் போயி'ங்கா. அதுக்குமேல அழுகை. போனை வச்சுட்டா. அன்னைக்குப் போயின்னா என்ன அர்த்தம்? அன்னைக்கு ஒருநாள் மட்டும் பொய் சொல்லலாமா? எனக்கு இன்னமும் மண்டை கொதிக்கு.

சரி, இப்ப நீ சொல்லு. உனக்குக் காட்டினாங்களா?

காட்டினாங்க. பகல்லதானே? பகல்லதான். எந்தத் திக்குன்னு ஞாபகம் இருக்கா? இல்ல. இருக்காது. நீ என்ன சொன்னே?

தெரியுதுன்னு சொன்னே.

தெரிஞ்சுதா?

சிரிக்காதம்மா, நான் கேக்கிறேன்லா. தெரியலை. பெறவு எதுக்குத் தெரியுதுன்னு சொன்னே? அய்யருக்குப் பயந்தா? இல்ல. மாப்ளைக்காகவா? அதுவும் இல்ல. அப்ப ஏன்?

என்ன? இந்த லாரிக்காரன் ஹாரன்ல ஒண்ணும் கேக்கலை, இன்னொரு தரம் சொல்லு.

அப்பா பக்கத்துல நின்னாங்க. அவங்க முகத்தைப் பாத்தேன், சொல்லிட்டேங்கியா.

ம்.

அதான் காரணமா.

முகத்துல என்ன இருந்துச்சு?

சரி, விடு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

உங்கப்பா கண்ணாடி போட்டிருக்காரா? இல்ல, சும்மா கேட்டேன். அந்த வயசுக்குப் போட்டிருக்கணும். மதுரையில நல்ல டாக்டருங்க இருக்காங்க, காட்டச் சொல்லு.

இந்த ரோட்டை எப்பத்தான் போட்டு முடிப்பாங்களோ. ராஜபாளையம் தாண்டினதுல இருந்து தூக்கித் தூக்கிப் போடுதான். மனுசன் உக்காரவா முடியுது? எல்லாத்துக்கும் வரி வாங்கத் தெரியுது. ஏம்ப்பா, ஓரமாப் போகக் கூடாதா, நடுப் பள்ளத்துலதான் விடுவியா? வாய் பேசாம வரானே அவன். கண்டக்டருக்கு நான் பெருசாம். வயசான ஆளுன்னா வாயை மூடிக்கிட்டு வரணும், எல்லாருக்கும் அதான் வேணும்.

பிள்ளை கண்ணைச் சுருக்குது பாரு. வெயில் நேரா அடிக்கு. முந்தானை நிக்காது, அது காலால உதைச்சுத் தள்ளுது. இரு, இரு. கொஞ்சம் இப்படி நகந்துக்கோ.

இந்த வேட்டி முடிச்சு ஒண்ணு. போட்டவனுக்கே அவிழ்க்க வரலை. ஆங். இதை அந்தச் சன்னல் கம்பிக்கும் சீட்டுக்கும் நடுவுல சொருகினா நிக்கும். அட்டைப் பக்கம் வெயிலுக்கு இருக்கட்டும். படம் உள்ள பாத்தாப்ல. வேட்டி முனையைக் கம்பியில ஒரு சுத்துச் சுத்தி இழுத்துக் கட்டிக்கோ, ஆடாது. இழு. இன்னும் கொஞ்சம். இப்ப மூஞ்சியில அடிக்கலை பாரு.

அதான் சப்தரிஷி. இது ஏர் மாதிரி இருக்குல்லா, இது வால். வால்ல நடுவுல நிக்கிறது வசிஷ்டரு. அவருக்குப் பக்கத்துல, ஒட்டினாப்ல.

உனக்குத் தெரியலைன்னாலும் ஒண்ணும் இல்லம்மா. வண்டி ஆடுது.

தெரியுதா?

சரி.

பிள்ளையும் அதைத்தான் பாக்குது. கறுப்பா இருக்கிறதால கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்போல. கொஞ்ச நேரத்துல தூங்கிரும், நீ ஆட்டாத.

அந்தா கோபுரம். வந்துட்டேன். கண்டக்டரே, இங்க ஒரு ஆள் இறக்கம், விசிலை ஊதிராதீங்க. வயசான ஆளு, மெதுவாத்தான் இறங்க முடியும். நீ எந்திரிக்காதம்மா, பிள்ளை முழிச்சிரும். படம் அங்கயே நிக்கட்டும், உக்காந்தபடியே அந்தக் கட்டைப்பையை மட்டும் எடுத்துக் குடு. வளையல் இருக்கு, பாத்து.